மேல்காற்றின் மீது நான் போட்ட பழி

வேளாண் அலுவலர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், பழைய அனுபவம், கொஞ்சம் சுவையாக இருக்கட்டும் என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டீர்கள். காபி கொடுத்தேன். ஒருவர் கையிலிருந்த ஃபைலை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் அதைத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாதுதான். முப்பத்தைந்து வருஷம் அதே படிவத்தை நிரப்பிய கை, சும்மா இருக்கவில்லை. பருவத்துக்கு முந்தி வந்த காற்றில் சாய்ந்துபோன ஒரு வாழைத் தோட்டத்தின் சேத அறிக்கை அது. ‘சேதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தது: பருவநிலை மாற்றம்.

அவர் திரும்பி வந்ததும், “தோட்டத்துக்கு மேற்கே என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

“சவுக்கு ஒரு வரிசை இருந்துச்சு சார். சொட்டுநீர்க் குழாய் பதிக்கறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு நாங்கதான் எடுக்கச் சொன்னோம்” என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார்.

சுவையாக எழுதுங்கள் என்றீர்கள். அது என்னால் ஆகாது. உங்களைத் திட்டப் போகிறேன். அதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ளும் முறை இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். காலம் மாறவே இல்லை என்று சாதிக்கும் கிழவன் இல்லை நான். மாறியிருக்கிறது. பதினெட்டாம் பெருக்கன்று காவிரி மணலில் குழி தோண்டித் தண்ணீர் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். வையம்பட்டிப் பக்கம் தையில் பூக்க வேண்டிய மாமரம், பூக்காமல் மாசிக் கடைசி வரைக்கும் தளிர் விட்டுக்கொண்டே நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த இரண்டு வார்த்தையும் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் யார் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். நானும் ஒளிந்தவன்தான். என் காலத்தில் அந்த வார்த்தை கிடையாது. ‘இயற்கைச் சீற்றம்’ என்று ஒன்று இருந்தது. ஓர் ஆள் ஒளிய அது தாராளமாகப் போதும்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. உத்தியோகப் பெயர் டிமான்ஸ்ட்ரேட்டர். ஊரில் விவசாய ஆபீஸர் என்பார்கள். புதுச் சாகுபடி முறைகளைக் குடியானவர் தோட்டத்திலேயே செய்து காட்டுவது வேலை. ஆபீஸ் திருச்சியில். ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் என் எல்லை. ஒரு சைக்கிள், ஒரு நோட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, இந்த மூன்றும்தான் என்னிடம் இருந்தன.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் ரோட்டோரம், செல்லாயி என்ற அம்மாள் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பூவன் வாழை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்து, குத்தகை அவர் பெயருக்கு மாறியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்து மூலையில் கீற்றுக் கொட்டகை போட்டு அங்கேயே குடியிருந்தார்கள். நிலம் போனால் சோறும் போகும், கூரையும் போகும். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ரோடு தோட்டத்துக்கு மேற்கே. காற்று வருவதும் மேற்கேயிருந்துதான். ஆனியில் மேல்காற்று கிளம்பும், ஆடியில் கண்மண் தெரியாமல் அடிக்கும். குலை தொங்கும் வாழை தலைக்கனத்தோடு நிற்பது. ஓங்கி ஓர் அடி விழுந்தால் நடுவில் முறியும். அதனால் அந்தப் பக்கத்து வாழைக்காரர்கள் கன்று வைக்கும்போதே மேற்கு வரப்பில் இரண்டு வரிசை அகத்தியை நெருக்கமாக விதைத்துவிடுவார்கள். குலை தள்ளும் நேரத்தில் அகத்தி இரண்டு ஆள் உயரம் நிற்கும். காற்று அதில் முட்டி, வேகம் குறைந்து உள்ளே வரும்.

அந்த அகத்திக்கு ஸ்ரீரங்கத்தில் இன்னொரு மரியாதையும் உண்டு. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் துவாதசி காலையில் அகத்திக்கீரை சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிப்பார்கள். செல்லாயி அம்மாளின் நிலக்காரர் உத்தர வீதியில் இருந்த ஓர் ஐயங்கார் பெரியவர். துவாதசிதோறும் அவர் வீட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை போக வேண்டும் என்பது குத்தகைப் பேச்சிலேயே சேர்ந்தது. வேலி மரத்தை வெட்டக் கூடாது என்று குத்தகைச் சீட்டிலும் ஒரு வரி இருந்தது.

இனி என் மேலதிகாரி. பெயர் வேண்டாம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபம் இவ்வளவு நாள் இருந்திருக்காது. குடியானவர் வீட்டில் மோர்கூட வாங்கிக் குடிக்காதவர். இலையைத் திருப்பிப் பார்த்தே என்ன நோய் என்று சொல்வார். எனக்குத் தொழில் தெரியும் என்றால் அதில் பாதி அவர் போட்டது. அந்த மனிதர் சித்திரை மாதத்தில் ஒரு நாள் செல்லாயி அம்மாளின் தோட்டத்துக்கு எதிரே ஜீப்பை நிறுத்தினார். அதை மாதிரித் தோட்டமாக நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ரோட்டைப் பார்க்கச் சிமெண்டுக் கட்டையில் ஒரு போர்டு நட்டிருந்தோம்.

“என்னய்யா, போர்டு இருக்கு, தோட்டத்தக் காணோம்” என்றார்.

“அகத்தி மறைக்குது சார்.”

“வைகாசியில மெட்ராஸ்லேருந்து பெரியவர் வரார். ஜீப்ப விட்டு எறங்க மாட்டார். உக்காந்த எடத்துலேருந்தே அவருக்குக் குலை தெரியணும். எடுத்துடச் சொல்லு.”

“மேல்காத்துக்குப் போட்ட வேலி சார் அது.”

“ஆடிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு? ஆனி பாதியில குலைய வெட்டிடுவாங்க. கணக்குப் போட்டுப் பாரு.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. காற்று நம் கணக்குப்படி வரும் என்று நினைத்ததுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு அடுத்து நான் செய்தது. ஒரு பெரிய மனிதர் ஜீப்பிலிருந்து பார்ப்பதற்காக உங்கள் வேலியை வெட்டுங்கள் என்று உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் விஞ்ஞானம் பேசினேன்.

“அகத்தி மண்ணோட சத்தெல்லாம் இழுத்துக்குதும்மா. நிழலும் ஆகாது. மேற்கு வரப்புல இருக்கறத எடுத்துடுங்க” என்றேன். அகத்தி மண்ணுக்குச் சத்தைக் கொடுக்கும் செடி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

செல்லாயி அம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “எங்க மாமனார் காலத்துலேருந்து போட்டுக்கிட்டிருக்கோம் சார். அது சத்த இழுக்கறதா இருந்தா இந்நேரம் இங்க மண்ணே இருக்காது. ஆடி போவட்டும், அப்புறம் எடுத்துக்கலாமே?”

“ஆடி வரைக்கும் இருக்க முடியாதும்மா. ஆனியிலயே நீங்க குலைய வெட்டிடப் போறீங்க. காத்துக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சுடும்.”

“காத்து பஞ்சாங்கம் பாத்துட்டா சார் வருது?”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, “நான் பொறுப்பும்மா” என்றேன்.

இரண்டே வார்த்தை. எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மறுநாள் நான் போனபோது அகத்தி முழுவதும் தரையில் கிடந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ரோட்டிலிருந்து பார்த்தால் தோட்டம் கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

மெட்ராஸ் பெரியவர் வைகாசியில் வந்தார். நாங்கள் எல்லாம் போர்டுக்குப் பக்கத்தில் மாலையோடு நின்றோம். செல்லாயி அம்மாள் துவைத்த புடவை கட்டிக்கொண்டு நின்றார். ஜீப் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம். எதிர்ப்பக்கம் பார்த்து யாரோடோ பேசிக்கொண்டே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம், வைகாசி இன்னும் முடியவில்லை, பகல் இரண்டு மணிக்கு ஆபீஸ் ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. வெளியே வந்து பார்த்தேன். மலைக்கோட்டை புழுதியில் மறைந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் அடித்து என்னைக் கைப்பிடிச் சுவரில் கொண்டு சாய்த்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். அம்மா மண்டபம் தாண்டும்போது மழையும் சேர்ந்துகொண்டது. மேலூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்தில் அகத்தி நின்றது. கொப்புகள் ஒடிந்து, இலை உதிர்ந்து, ஆனால் நின்றது. அதற்குள்ளே ஓரத்து வாழைகள் சில போயிருந்தன, மற்றது தப்பித்துவிட்டது. செல்லாயி அம்மாளின் தோட்டத்தில் ஒரு மரம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. முட்டுக்கழிகளோடு சேர்ந்து எல்லாம் கிழக்கே தலை வைத்துக் கிடந்தன. இன்னும் முற்றாத குலைகள் சேற்றில் புதைந்திருந்தன. சிமெண்டுக் கட்டையில் நட்ட எங்கள் போர்டு மட்டும் நேராக நின்றது. ‘மாதிரி வாழைத் தோட்டம்.’

அவர் அழவில்லை. சேற்றிலிருந்து முட்டுக்கழிகளை ஒவ்வொன்றாக உருவி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “போர்டு நல்லா தெரியுது சார்” என்றார். குத்திக்காட்டும் குரலில்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் நிலக்காரர் வந்தார். துவாதசிக்குக் கீரை வரவில்லையே என்று முன்பே கேட்டு, விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. வரப்பில் நின்று முழுவதையும் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“நீங்கதானே வெட்டச் சொன்னது?”

“ஆமாங்க.”

“அத ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கோ. இவளை நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. ஆனா நிலம் என் ஒருத்தனுது இல்லை. தம்பிகள் ரெண்டு பேர் இருக்கா. வேலியையும் வெட்டி, தோட்டத்தையும் அழிச்சுட்டாள், அவளை வெளியில அனுப்புன்னு இப்பவே ஆரம்பிச்சுட்டா. அவாளண்ட காட்ட ஒரு காகிதம் வேணும். சர்க்கார் மனுஷர் சொல்லித்தான் வெட்டினாள்னு இருந்தா அவாளால பேச முடியாது.”

“இன்னைக்கே எழுதித் தரேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஆபீஸுக்குப் போய் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மேற்கு வரப்பு அகத்தி வேலி என் சொல்லின் பேரில் வெட்டப்பட்டது என்று எழுதி, மேலதிகாரி முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்தார். இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார்.

“நாம சொன்னதக் கேட்டுத் தோட்டம் போச்சுன்னு எழுத்துல வந்துட்டா என்ன ஆவும்னு யோசிச்சியா? நாளைக்கு ஒரு நல்ல உரத்தப் போடச் சொன்னாக்கூட எவனும் கேக்க மாட்டான். ஒரு தோட்டத்தப் பாக்காத. ஜில்லாவப் பாரு.”

“அந்தம்மா குத்தகை போயிடும் சார்.”

“நான் அந்த ஐயங்கார்கிட்டப் பேசறேன். நீ காரணத்த மாத்தி எழுது. காத்து அடிச்சுது, மரம் விழுந்துது. இதுல பொய் எங்க இருக்கு?”

பொய் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். ‘எதிர்பாராத பெருங்காற்று, இயற்கைச் சீற்றம்’ என்று எழுதினேனே, அந்த ‘எதிர்பாராத’வில் இருக்கிறது. மேலூரில் அதை எதிர்பார்க்காத ஆள் ஒருவரும் இல்லை. எதிர்பார்த்து வேலி போட்டு வைத்திருந்தார்கள். காற்று சில வாரம் முந்தி வந்தது, அவ்வளவுதான். முந்தி வரும் காற்றுக்கும் சேர்த்துத்தான் ஐயா வேலி. குறித்த தேதியில் வருவதற்கு வேலி எதற்கு?

மேலதிகாரி ஐயங்காரிடம் பேசவில்லை. மறந்துபோனாரோ, மனசில்லையோ, எனக்குத் தெரியாது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவருடைய ஜில்லாக் கணக்கு எனக்கு வசதியாக இருந்தது. வேலை நிரந்தரம் ஆகாத காலம் எனக்கு. எழுதிய வரி வெளியே போனால் முதலில் போவது என் வேலைதான் என்பது அந்தக் கணக்கில் வராத இன்னொரு கணக்கு. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

செல்லாயி அம்மாள் மூன்று முறை ஆபீஸுக்கு வந்தார். மேலூரிலிருந்து நடந்து. முதல் முறை, “அடுத்த வாரம் தரேம்மா” என்றேன். இரண்டாம் முறை, “மேலேருந்து உத்தரவு வரணும்மா” என்றேன். மூன்றாம் முறை அவர் வாசல் படியேறுவதைப் பார்த்துவிட்டுப் பின்கட்டில் உரமூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய் நின்றுகொண்டேன். ப்யூன், “சார் கேம்ப் போயிருக்காரும்மா” என்றான். “வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு மட்டும் சொல்லுங்க” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த அறையின் உர நெடி இன்றும் எந்த உரக் கடையைத் தாண்டினாலும் எனக்கு அவர் குரலாகத்தான் வருகிறது.

புரட்டாசியில் நிலக்காரரின் தம்பிகள் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு செல்லாயி அம்மாளும் பெண்களும் போனார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. புதுக் குத்தகைக்காரர் வந்ததும் முதல் வேலையாக மேற்கு வரப்பில் அகத்தி விதைத்தார். எங்கள் போர்டைப் பிடுங்கி வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட்டுக்கொண்டார். நன்றாகச் செய்தார்.

எனக்கு மாற்றல் வந்தது. வேலை நிரந்தரம் ஆயிற்று. அறுபதுகளின் நடுவில் பதவி உயர்ந்து திருச்சிக்கே திரும்பினேன். அதற்குள் அந்த மேலதிகாரி ரிடையர் ஆகியிருந்தார். இப்போது என்னைத் தடுக்க ஆள் இல்லை. தடுக்க ஆள் இல்லாதபோது வரும் தைரியத்துக்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் விசாரிக்க ஆரம்பித்தேன்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரு துவாதசி காலையில் சித்திரை வீதியில் கீரைக்கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அகத்திக்கீரைதான். யார் யார் தோட்டத்திலோ பறித்தது. தலை நரைத்திருந்தது. நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“வாங்க தம்பி” என்றார். முன்பெல்லாம் சார் என்றுதான் கூப்பிடுவார்.

பெண்களைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தியைக் கட்டிக் கொடுத்துவிட்டதாகவும், இன்னொருத்தி தன்னோடு கீரை விற்பதாகவும் சொன்னார். நான் தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்கு எங்க தம்பி படிக்கத் தெரியும். நீங்களே படிங்க.”

சித்திரை வீதியில், கீரை வாங்க வந்தவர்கள் நடுவில் நின்று படித்தேன். “மேலூர் ரோட்டுத் தோட்டத்தில் மேற்கு வரப்பு அகத்தி வேலி, என் சொல்லின் பேரிலேயே வெட்டப்பட்டது. குடியானவர் செல்லாயி அம்மாள் மீது தவறு ஏதும் இல்லை.” கீழே என் பெயர்.

அவர் மேலும் வரும் என்று காத்திருந்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாம்மா.”

“ரெண்டு வரி” என்றார். கீரைக்கட்டு ஒன்றின் மேல் தண்ணீர் தெளித்தார். “நீங்க அப்ப நாளைக்கி, அடுத்த வாரம்னு சொல்லச்சொல்ல, அது ஏதோ பெரிசா பத்துப் பக்கம் எழுதணும் போலிருக்கு, பாவம் அந்தப் புள்ளைக்கி நேரம் கெடைக்கலன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் இந்த வயதில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்தத் தாளை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “இப்ப இத யார்கிட்ட தம்பி காட்டறது?” என்று கேட்டார். ஐயங்கார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்று ஃபைலோடு வந்த தம்பிக்குச் சொல்கிறேன். அந்தச் சவுக்கு வரிசையை எடுக்கச் சொன்னது நீங்கள். அந்த விவசாயி உங்களை நம்பி எடுத்தார். போகும்போது வாசலில் நின்று, அறிக்கை இன்னும் மேலே போகவில்லை, திங்கட்கிழமைதான் அனுப்புவோம் என்று சொன்னீர்கள். அதனால் மலர் அச்சாகும்வரை காத்திராமல் இதை முன்பே உங்கள் கையில் சேர்க்கிறேன். காற்று முந்தி வந்தது என்றும் எழுதுங்கள், அது நிஜம்தான். அதற்குக் கீழே மேற்கே என்ன இருந்தது, யார் எடுக்கச் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு வரிக்கு மேல் ஆகாது. நான் எழுதிப் பார்த்திருக்கிறேன்.